ஆல்பம் கணினிக்கு எந்த போர்டு, எவ்வளவு ராம்? கேள்வி பதில்

கேள்வி: கல்யாண ஆல்பம் டிசைன் செய்கிறேன். கடையில் 32 ஜிபி ராம் போதும் என்கிறார்கள். நண்பரோ 64 இல்லாமல் வாங்காதே என்கிறார். எதைக் கேட்பது?

நீங்கள் செய்யும் ஷீட்டையே அளந்து பாருங்கள். 12×36 அங்குல ஷீட் 300 டிபிஐயில் 10,800×3,600 பிக்சல், அதாவது ஏறக்குறைய 3.9 கோடி பிக்சல். ஷீட் முழுவதையும் நிரப்பும் ஒரு லேயர் 8 பிட்டில் சுமார் 117 எம்பி, 16 பிட்டில் 233 எம்பி பிடிக்கும். அதன்மேல் பின்னணி, டெக்ஸ்சர், மாஸ்க், எட்டுப் பத்து படங்கள் ஏறும். படங்களை ஸ்மார்ட் ஆப்ஜெக்ட்டாக வைத்தால், ஷீட்டில் உள்ளங்கை அளவே தெரிகிற படமும் கேமராவின் முழு அளவோடு உள்ளே உட்கார்ந்திருக்கும். இது போக, ஃபோட்டோஷாப் ஹிஸ்டரியில் 50 படிகள் வரை நினைவில் வைத்திருக்கும்.

8 பிட்டில், ஒரு நேரத்தில் ஒரு ஷீட் என்று வேலை செய்பவருக்கு 32 ஜிபி தாராளம். நான்கைந்து ஷீட்டைத் திறந்து வைத்து, பின்னால் லைட்ரூம் எக்ஸ்போர்ட்டும் ஓடுகிறதென்றால் 64 போடுங்கள். 45 மெகாபிக்சல் கேமராவில் எடுத்த இருபது ஃப்ரேமை 16 பிட்டில் ஒட்டி பனோரமா செய்பவருக்கும் அப்படித்தான். ஒரு ஃப்ரேம் 270 எம்பி, இருபதுக்கு 5.4 ஜிபி. ஒட்டும்போது இது பல மடங்காகப் பெருகும்.

இப்போது இருக்கும் கணினியிலேயே இதைச் சோதிக்கலாம். ஃபோட்டோஷாப் ஜன்னலின் அடியில் உள்ள சிறு அம்புக்குறியை அழுத்தி 'எஃபிஷியன்ஸி' என்பதைத் தேர்ந்தெடுங்கள். வழக்கமான ஷீட்டில் வேலை செய்யும்போது அது 100 சதவீதத்திலேயே நின்றால் ராம் போதுகிறது. அடிக்கடி 100க்குக் கீழே இறங்கினால், ராமில் இடம் பத்தாமல் ஸ்க்ராட்ச் டிஸ்க்குக்கு, அதாவது டிரைவில் ஃபோட்டோஷாப் தற்காலிகமாக எழுதும் இடத்துக்கு, போகிறது என்று பொருள். டாஸ்க் மேனேஜரை மட்டும் பார்த்து முடிவெடுக்காதீர்கள். ஃபைலை மூடிய பிறகும் ஃபோட்டோஷாப் பிடித்த ராமை விடாது, அதனால் அங்கே எப்போதும் நிரம்பியே தெரியும்.

கேள்வி: ரைசன் 7 7700, பி650 போர்டு. இருந்த இரண்டு 16 ஜிபி ஸ்டிக்கோடு அதே கம்பெனியின் அதே மாடல் இரண்டை வாங்கிச் செருகினேன். ஒரு நாள் ஆன் ஆகிறது, ஒரு நாள் ஆவதில்லை. ராம் பழுதா?

அநேகமாக இல்லை. இது டிடிஆர்5 (டிடிஆர்4க்கு அடுத்த தலைமுறை ராம்) போர்டுகளில் பொதுவாக வரும் தொல்லை. நான்கு ஸ்லாட் இருந்தாலும் ப்ராசஸரிலிருந்து ராமுக்குப் போகும் பாதை இரண்டுதான். ஒரே பாதையில் இரண்டு ஸ்டிக் தொங்கும்போது சிக்னல் கெடுகிறது, வேகத்தைக் குறைத்தால்தான் நிலைக்கும். ரைசன் 7000 வரிசைக்கு ஏஎம்டி தரும் கணக்கே இதைச் சொல்கிறது: இரண்டு ஸ்டிக் என்றால் 5200, நான்கு என்றால் 3600. நீங்கள் 6000 ப்ரொஃபைலை (எக்ஸ்போ எனும் வேக அமைப்பை) அப்படியே விட்டிருப்பீர்கள். நான்கு ஸ்டிக்கும் அந்த வேகத்தில் ஓடினால் அதிர்ஷ்டம்.

அதே மாடல் என்பதும் காப்பாற்றாது. ஒரே பெயரில் விற்கும் ஸ்டிக்குக்குள் இந்த மாதம் ஒரு கம்பெனியின் சிப்பும் அடுத்த மாதம் வேறொன்றும் இருக்கலாம். ஒன்றாகச் சோதித்து ஒரே பெட்டியில் விற்ற ஜோடிக்குத்தான் உத்தரவாதம்.

பயாஸை (போர்டின் அடிப்படை மென்பொருளை) புதுப்பித்து, எக்ஸ்போவை அணைத்து, வேகத்தை 3600ல் வையுங்கள். அதில் நிலைத்தால் 4800 வரை படிப்படியாக ஏற்றிப் பார்க்கலாம். ஆனால் நாங்கள் பரிந்துரைப்பது வேறு: நான்கையும் கொடுத்துவிட்டு 2×32 ஜோடியாக ஒன்று வாங்குங்கள். ராம் விலை 2025 கடைசியில் கடுமையாக ஏறியதால் இது வலிக்கும் செலவு என்பது தெரியும். அதனால்தான் புதிதாக வாங்குவோரிடம் திரும்பத் திரும்பச் சொல்கிறோம்: கடைசியில் எவ்வளவு வேண்டுமோ அதை முதலிலேயே இரண்டு ஸ்டிக்கில் வாங்குங்கள். காலி ஸ்லாட்டை நம்பித் திட்டம் போடாதீர்கள்.

கேள்வி: ஃபோட்டோ வேலைக்கு எக்ஸ்870 போர்டு அவசியமா? பி650 போதாதா?

போதும். போர்டின் விலை ஃபோட்டோஷாப்பை வேகமாக்காது. எக்ஸ்870ல் யுஎஸ்பி4 கட்டாயம் இருக்கும். வெளி எஸ்எஸ்டியிலிருந்து தினமும் நூற்றுக்கணக்கான ஜிபி இறக்குபவருக்கு அது பயன்படும், மற்றவர்கள் அந்தப் பணத்தை ராமில் போடலாம்.

போர்டில் பார்க்க வேண்டியது எஸ்எஸ்டி செருகும் எம்.2 ஸ்லாட்டுகள். குறைந்தது இரண்டு, முடிந்தால் மூன்று: ஒன்றில் விண்டோஸ், ஒன்றில் நடப்பு வேலையும் லைட்ரூம் கேட்டலாகும், மூன்றாவது ஸ்க்ராட்ச் டிஸ்க்குக்கு. வாங்குவதற்கு முன் கம்பெனி தளத்தில் மேனுவலை இறக்கி எம்.2 பற்றிய பக்கத்தைப் படியுங்கள். மூன்றாவது எம்.2வில் டிரைவ் போட்டால் ஹார்டு டிஸ்க் செருகும் சாட்டா போர்ட்டில் இரண்டு செத்துவிடும் போர்டுகள் உண்டு. பழைய ஹார்டு டிஸ்க்குகளில் ஐந்து வருட வேலையை வைத்திருப்பவர் இதைப் பெட்டியைப் பிரித்த பிறகு தெரிந்துகொள்ளக் கூடாது.

இன்டெலில் எச்610 போர்டைத் தவிர்த்துவிடுங்கள். அதில் ராமை எக்ஸ்எம்பி மூலம் கூடுதல் வேகத்தில் ஓட்ட முடியாது, ஸ்லாட்டும் இரண்டே. பி760 எடுங்கள். 13, 14ஆம் தலைமுறை ப்ராசஸர் என்றால் 2024 செப்டம்பருக்குப் பிந்தைய பயாஸை ஏற்றிவிட்டே வேலையைத் தொடங்குங்கள். அதிக வோல்டேஜால் அந்த ப்ராசஸர்கள் காலப்போக்கில் கெடுவதற்கான திருத்தம் அதில்தான் வந்தது.

கேள்வி: 6000 என்று விலை கொடுத்து வாங்கிய ராம் டாஸ்க் மேனேஜரில் 4800 என்று காட்டுகிறது. ஏமாற்றிவிட்டார்களா?

இல்லை. பெட்டியில் போட்ட 6000 தானாக வராது. ஆன் ஆகும்போது டெலிட் விசையை அழுத்தி பயாஸுக்குள் போய், ஏஎம்டி என்றால் எக்ஸ்போ, இன்டெல் என்றால் எக்ஸ்எம்பி, அதை இயக்கிச் சேமியுங்கள். பிறகு சிபியூ-இசட் மென்பொருளில் 3000க்கு அருகில் எண் வந்தால் சரிதான், அது பாதியைத்தான் காட்டும்.

கேள்வி: புதிதாக அசெம்பிள் செய்து ஆன் செய்தால் ஃபேன் சுற்றுகிறது, திரை கறுப்பு.

பத்து நிமிடம் தொடாமல் விடுங்கள். டிடிஆர்5 போர்டு முதல் முறை ராமைப் பழக்கிக்கொள்ளச் சில நிமிடங்கள் எடுக்கும், 64 ஜிபி என்றால் இன்னும் கூடும். இடையில் ஆஃப் செய்தால் மறுபடி முதலிலிருந்து தொடங்கும். அதன் பிறகும் கறுப்பு என்றால், ஸ்டிக்குகள் ப்ராசஸரிலிருந்து எண்ணி இரண்டாவது, நான்காவது ஸ்லாட்டில் 'டக்' என்று உட்கார்ந்திருக்கின்றனவா என்று பாருங்கள். பெயரில் 'எஃப்' உள்ள ப்ராசஸரில் டிஸ்ப்ளே இல்லை. கேபிளை கிராஃபிக்ஸ் கார்டில்தான் செருக வேண்டும்.

கேள்வி: பி450 போர்டு, ரைசன் 5 3600, 16 ஜிபி டிடிஆர்4. புதிய போர்டு வாங்கி இதே ராமைப் போட்டுக்கொள்ளலாமா?

ரைசன் 7000க்கான ஏஎம்5 போர்டில் முடியாது, அது டிடிஆர்5 மட்டுமே ஏற்கும். டிடிஆர்4, டிடிஆர்5 இரண்டுக்கும் 288 பின்தான் என்றாலும் நடு வெட்டு இடம் மாறியிருக்கும், செருகவே முடியாது. ஆனால் நீங்கள் போர்டை மாற்றத் தேவையில்லை என்றே நினைக்கிறோம். பழைய ப்ராசஸர் இருக்கும்போதே பயாஸைப் புதுப்பித்து, அதன் பிறகு ரைசன் 7 5700எக்ஸ் போடுங்கள். ராமை 2×16 அல்லது 2×32, 3200 வேகத்தில் மாற்றுங்கள். ஆல்பம் வேலைக்கு இன்னும் சில வருடம் ஓடும்.

கேள்வி: கார்டிலிருந்து இறக்கிய ரா ஃபைல்களில் சிலவற்றில் பாதிப் படம் ஊதாப் பட்டையாக வருகிறது. கார்டு மாற்றியும் தீரவில்லை.

கார்டும் ரீடரும் நல்ல நிலையில் இருந்தால் அடுத்த சந்தேகம் ராம்தான். இறங்கும் ஒவ்வொரு ஃபைலும் ராம் வழியாகவே போகிறது. அங்கே ஒரு பிட் புரண்டால் எந்த எச்சரிக்கையும் இல்லாமல் கெட்ட ஃபைல் டிஸ்க்கில் எழுதப்பட்டுவிடும். டிடிஆர்5ல் பிழைதிருத்தம் உண்டே என்பார்கள். அது சிப்புக்குள் நடப்பதை மட்டும் திருத்தும், சிப்புக்கும் ப்ராசஸருக்கும் இடையே கெடுவதைத் திருத்தாது.

ராமைச் சோதிக்கும் மெம்டெஸ்ட்86 மென்பொருளை பென்டிரைவில் ஏற்றி, எக்ஸ்போ இயங்கும் நிலையிலேயே நான்கு சுற்றும் ஓட விடுங்கள். 64 ஜிபிக்குப் பல மணி நேரம் ஆகும், இரவில் போட்டுவிடுங்கள். ஒரே ஒரு பிழை வந்தாலும் ஏற்காதீர்கள். எக்ஸ்போவை அணைத்து மறுபடி ஓட்டுங்கள். பிழை போனால் வேகம்தான் காரணம், 5600க்கு இறக்கி ஒரு முறை சோதித்துவிட்டு அதிலேயே வைத்துக்கொள்ளுங்கள். போகவில்லை என்றால் ஒவ்வொரு ஸ்டிக்காகத் தனியே போட்டுச் சோதித்து, கெட்டது எது என்று தெரிந்ததும் ஜோடி முழுவதையும் வாரன்டியில் அனுப்புங்கள். அதுவரை எந்தக் கார்டையும் ஃபார்மட் செய்யாதீர்கள். முகூர்த்தப் படங்கள் இருக்கும் கார்டை எழுதவிடாமல் பூட்டி, தனியே எடுத்து வையுங்கள்.