உளுந்து கம்மியா, அரிசி கம்மியா?

அன்புள்ள ஐயா,

எங்கள் வீட்டில் 4 டம்ளர் இட்லி அரிசிக்கு 1 டம்ளர் உளுந்து, அரை டீஸ்பூன் வெந்தயம். அதில் 48 இட்லி வரும். போன வாரம் திடீரென்று ஊரிலிருந்து ஆட்கள் வருவதாகச் சொன்னார்கள். வீட்டில் இருந்ததோ இரண்டரை டம்ளர் அரிசி, முக்கால் டம்ளர் உளுந்து. ஆறாம் வகுப்பு படிக்கும் என் மகள், "உளுந்துதானே கம்மி. 48-ல் முக்கால் பங்கு, 36 இட்லி" என்றாள். மாமியார் டப்பாக்களை எட்டிப் பார்த்துவிட்டு, "முப்பதுதான் தேறும், உளுந்துல கொஞ்சம் எடுத்து வை" என்றார். முப்பதுதான் வந்தது. அவருக்குப் பின்னமெல்லாம் தெரியாது. எப்படிச் சொன்னார்?

இப்படிக்கு,
திருச்சியிலிருந்து ஒரு வாசகி

அன்புள்ள சகோதரிக்கு,

மாமியாருக்குப் பின்னம் தெரியாது என்பதை மட்டும் ஒப்புக்கொள்ள மாட்டேன்.

மகள் போட்ட பெருக்கல் சரி. டப்பாவில் எது கொஞ்சமாகத் தெரிகிறதோ அதுதான் பற்றாது என்று நினைத்ததில்தான் சறுக்கினாள். தேவையில் எத்தனை பங்கு கையில் இருக்கிறது என்று பார்க்க வேண்டும். உளுந்து ஒன்றுக்கு முக்கால், அதாவது எட்டில் ஆறு. அரிசி நாலுக்கு இரண்டரை, எட்டில் ஐந்து. ஆக, முதலில் கையை விரிப்பது அரிசி. 48-ல் எட்டில் ஐந்து பங்கு 30.

மாமியார் இப்படி வகுத்திருக்க மாட்டார். ஒரு டம்ளர் அரிசிக்குக் கால் டம்ளர் உளுந்து, பன்னிரண்டு இட்லி. இது கைப்பழக்கமாக வந்த கணக்கு. முக்கால் டம்ளர் உளுந்து மூன்று டம்ளர் அரிசி கேட்கும், இருப்பது இரண்டரை. அவ்வளவுதான், முப்பது.

படியில் அளந்த வீடுகளில் பாத்திரங்களே பின்னம்தான். இரண்டு ஆழாக்கு ஒரு உழக்கு, இரண்டு உழக்கு ஒரு உரி, இரண்டு உரி ஒரு படி. ஆழாக்கைக் கையில் எடுத்தாலே அரைக்கால் படி, அதாவது எட்டில் ஒன்று. அந்தப் பேச்சில் சொன்னால், நீங்கள் போட வேண்டிய உளுந்து அரையே அரைக்கால் டம்ளர், மிச்சம் அரைக்கால். வெந்தயத்துக்கும் கணக்குப் போட்டேன், காலே மாகாணி டீஸ்பூன், அதாவது பதினாறில் ஐந்து வருகிறது! சொல்ல அழகாக இருக்கிறது, அளக்கத்தான் ஆளில்லை. கண் மட்டத்துக்குப் போட்டால் போதும்.

மகளிடம் இதையும் சொல்லுங்கள். மிச்ச உளுந்தையும் சேர்த்தே அரைத்திருந்தாலும் மாவு கெட்டுப்போயிருக்காது. மூன்றுக்கு ஒன்று போடும் வீடுகளும் இருக்கின்றன. உளுந்து அரைக்க அரைக்கப் பொங்குவதால் ஒன்றிரண்டு இட்லி கூடவே வந்திருக்கலாம். இட்லி இப்படி விட்டுக்கொடுக்கும், மைசூர்பாகு கொடுக்காது. ஒரு தீபாவளிக்கு வீட்டில் நெய் பாதிதான் இருந்தது. கடலை மாவையும் சர்க்கரையையும் பாதியாக்க மனசு வராமல் முழுசாகப் போட்டேன். கத்தி இறங்கவே இல்லை, கடைசியில் தட்டைக் கவிழ்த்துத் தட்டித்தான் எடுத்தோம்.

அது சரி, எடுத்து வைத்த அரைக்கால் டம்ளர் உளுந்து என்ன ஆயிற்று என்று எழுதவில்லையே? இட்லிப் பொடிக்கு வறுத்திருப்பார் என்று நினைக்கிறேன்.