மூன்று தலையணை வைத்துத் தூங்கும் அப்பா

தேனி மாவட்டம் கூடலூரிலிருந்து அப்பாவுக்காக எழுதியிருக்கும் மகளுக்கு,

எலிக்காய்ச்சல் முற்றி, கோட்டயத்தில் தீவிர சிகிச்சைப் பிரிவில் வென்டிலேட்டர் என்னும் செயற்கைச் சுவாசக் கருவியோடு கிடந்து வீடு திரும்பிய அப்பாவின் தளர்ச்சியைப் பற்றி உங்கள் கடிதத்தில் பதினொரு கேள்விகள் இருக்கின்றன. ஆனால் நான் முதலில் பதில் சொல்ல வேண்டியது நீங்கள் கேள்வியாகவே எழுதாத ஒரு வரிக்கு. மல்லாந்து படுத்தால் மூச்சு முட்டுவதால் அப்பா மூன்று தலையணைகளில் சாய்ந்தபடிதான் தூங்குகிறார், காலையில் தலைவலி என்கிறார், இரவெல்லாம் விழித்திருக்கிறாரே என்று மருந்துக் கடையில் தூக்க மாத்திரை வாங்கிப் பத்து நாளாகக் கொடுக்கிறோம் என்று போகிற போக்கில் எழுதியிருக்கிறீர்கள். அந்த மாத்திரையை இன்றிரவு கொடுக்காதீர்கள். நாளைக் காலையில் அவரை மருத்துவமனைக்கு அழைத்துச் செல்லுங்கள். அதற்குள் உதடு நீலம் பாரித்தாலோ, ஒரு வாக்கியத்தைப் பேசி முடிக்க மூச்சுப் போதாமல் போனாலோ, எழுப்பினாலும் மந்தமாகக் கிடந்தாலோ காலைவரை காத்திருக்காமல் 108-ஐ அழையுங்கள்.

தீவிர சிகிச்சைப் பிரிவில் கிடந்தவருக்குக் கை கால் தசைகள் மட்டும் மெலிவதில்லை. மூச்சை இழுக்கும் உதரவிதானமும் ஒரு தசைதான், அதன் வேலையை வென்டிலேட்டர் எடுத்துக்கொள்ளும்போது அதுவும் மெலிகிறது. மூளைச்சாவு அடைந்து 18 முதல் 69 மணி நேரம் வென்டிலேட்டரில் இருந்த உறுப்புக் கொடையாளர்களின் உதரவிதானத்தை ஆராய்ந்த அமெரிக்க மருத்துவர்கள், அதன் தசையிழைகள் பாதிக்கும் மேல் மெலிந்திருந்ததை 2008-இல் வெளியிட்டார்கள். உங்கள் அப்பா 16 நாட்கள் வென்டிலேட்டரில் இருந்திருக்கிறார். உட்கார்ந்திருக்கும்போது வயிற்றின் கனம் கீழே இறங்கி உதரவிதானத்துக்கு வழிவிடும். படுத்தால் அந்தக் கனம் மேல்நோக்கி அழுத்தும், வலுவிழந்த தசையால் அதை எதிர்த்துத் தள்ள முடியாது. இரவில் மூச்சு ஆழமில்லாமல் போனால் கரியமில வாயு இரத்தத்தில் தேங்கும், காலைத் தலைவலி அதனால் வரக்கூடும். அப்படிப்பட்டவருக்குத் தூக்க மாத்திரை கொடுப்பது இருக்கிற மூச்சையும் மட்டுப்படுத்துவதாகும்.

இது உதரவிதானமேதான் என்று கடிதத்தைப் படித்து நான் சாதிக்க மாட்டேன். எலிக்காய்ச்சல் இதயத்தையும் தொடக்கூடியது. இதயம் தளர்ந்தாலும் படுத்தால் மூச்சு முட்டும். அதனால்தான் நேரில் பார்க்க வேண்டும் என்கிறேன். தேனி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் நெஞ்சக நோய்ப் பிரிவில், கோட்டயத்தில் கொடுத்த டிஸ்சார்ஜ் சம்மரியோடு போய், தலையணை விஷயத்தை முதல் வாக்கியமாகச் சொல்லுங்கள். உட்கார்ந்தும் படுத்தும் ஊதச் சொல்லி மூச்சின் அளவைப் பார்ப்பார்கள். படுக்கும்போது அது கால் பங்குக்கு மேல் குறைந்தால் உதரவிதானத்தின் மீது சந்தேகம் வலுக்கும். இரத்த வாயுப் பரிசோதனையும், இதயத்தை ஸ்கேன் செய்து பார்க்கும் எக்கோவும் தேவைப்படலாம்.

இனி, அப்பாவின் கெண்டைக்கால் துடிப்பதைப் பார்த்து அத்தை மகன் கைபேசியில் காட்டிப் பயமுறுத்திய மோட்டார் நியூரான் நோய், அதாவது தசைகளை இயக்கும் நரம்பணுக்கள் அழியும் நோய். கெண்டைக்கால் துடிப்பதை வைத்து அந்த நோயைக் கண்டுபிடிக்க முடியுமானால் ஊரில் பாதிப் பேருக்கு அது இருக்க வேண்டும். அந்த நோய் பெரும்பாலும் ஒரு கையிலோ ஒரு காலிலோ சத்தமில்லாமல் தொடங்கி மாதக்கணக்கில் பரவும். உங்கள் அப்பாவுக்கோ கடும் நோயோடு ஒரே மூச்சில் இரண்டு பக்கமும் சமமாகத் தளர்ந்து, வீட்டுக்கு வந்த இந்த ஏழு வாரங்களில் கொஞ்சம் கொஞ்சமாகத் தேறிக்கொண்டும் வருகிறது. அந்தக் காணொளிகளை மூடி வையுங்கள்.

அவர் படுக்கையாகிவிடுவாரோ என்று நீங்கள் அஞ்சுவது புரிகிறது. தீவிர சிகிச்சையில் கிடந்தவர்களின் தொடைத் தசை பத்தே நாளில் ஏறத்தாழ 18 விழுக்காடு சுருங்குவதை 2013-இல் லண்டன் ஆய்வாளர்கள் அளந்து காட்டினார்கள். கடுமையான நுரையீரல் பாதிப்பிலிருந்து பிழைத்த 109 பேரைத் தொடர்ந்து கவனித்த டொரொன்டோ ஆய்வில், ஓராண்டு கழித்தும் அவர்கள் ஆறு நிமிடத்தில் நடந்த தூரம் அவர்கள் வயதுக்கு எதிர்பார்ப்பதில் மூன்றில் இரண்டு பங்குதான். ஆகவே ஏழு வாரத்தில் பழைய பலம் வரவில்லையே என்பது கவலைப்பட வேண்டிய செய்தியல்ல. தசை மட்டும் பாதிக்கப்பட்டிருந்தால் சில மாதங்களில் நன்றாகத் தேறும்; நரம்பும் சேர்ந்திருந்தால் நாள் கூடும், சிலருக்குக் கொஞ்சம் குறை மிஞ்சும்.

சத்து ஊசிகள் வேண்டாம். மைத்துனர் வாங்கி வந்த, பெயர் கிழிக்கப்பட்ட அந்த 'தெம்பு மாத்திரை'யை மருத்துவரிடம் கொண்டுபோய்க் காட்டுங்கள். எனக்கு வரும் இத்தகைய மாத்திரைகளில் ஸ்டீராய்டு இருப்பது புதிதல்ல, ஸ்டீராய்டோ தொடைத் தசையைத்தான் முதலில் தின்னும். புரதப் பொடியைப் பொறுத்தவரை, எலிக்காய்ச்சலில் சிறுநீரகம் அடிபட்டிருந்ததாக எழுதியிருப்பதால், சிறுநீரகத்தின் நிலையைக் காட்டும் கிரியாட்டினின் இரத்தப் பரிசோதனை பார்க்காமல் டின்னைத் திறக்க வேண்டாம். அது சரியாக இருந்தால் பொடியே தேவையில்லை: முட்டை, மீன், மொச்சை, பருப்பு என்று ஒவ்வொரு வேளையிலும் புரதம் இருந்தால் போதும். குமுளியில் எண்ணெய் தேய்த்துப் பிடித்துவிடும் உழிச்சலுக்கு அழைத்துப் போகலாமா என்றால், உடம்புக்கு இதமாக இருக்கும், தசை வளராது. பணத்தை மிச்சம் பிடியுங்கள்.

தசையை வளர்ப்பது அதன் மீது ஏற்றும் சுமைதான். மூச்சு விஷயம் தெளிவான பிறகு, சுவரோரம் போட்ட நாற்காலியிலிருந்து கையூன்றாமல் எழுந்து உட்காரச் சொல்லுங்கள். ஒன்று முடிந்தால் ஒன்று, மூன்று முடிந்தால் மூன்று, நாளுக்கு மூன்று வேளை. மூச்சு வாங்கிப் பேச முடியாமல் போனால் நிறுத்திவிட வேண்டும். எண்ணிக்கையை நாட்காட்டியில் எழுதி வாருங்கள். அது ஏறாமல் இரண்டு வாரம் நின்றாலோ, ஏறியது இறங்கினாலோ உடனே காட்டுங்கள்.

ஆவணியில் காய்ப் பறிப்பு தொடங்கும்போது ஏலத்தோட்டத்துக்குப் போகலாமா என்று அப்பாவே கேட்கச் சொன்னாராம். அவரிடம் சொல்லுங்கள்: கையூன்றாமல் ஐந்து முறை எழுந்து உட்கார 12 விநாடிக்குள் முடிகிற அன்று ஜீப் ஏறுவதைப் பற்றிப் பேசலாம். அப்போதும் வெறுங்காலோடு சேற்றில் இறங்கக் கூடாது. மலையாளிகள் எலிப்பனி என்று சொல்லும் இந்த எலிக்காய்ச்சலுக்கு, கேரள ஆரம்ப சுகாதார நிலையங்களில் தோட்டத் தொழிலாளர்களுக்கு முன்தடுப்பாக டாக்ஸிசைக்ளின் என்ற ஆன்டிபயாடிக் மருந்து கொடுக்கிறார்கள், அது தனக்கு ஏற்றதா என்று கேட்டுவிட்டு வேலைக்குப் போகட்டும்.