துப்ரோவ்னிக் மதில்மேல் எந்த வாசலில் ஏறுவது?

ஜூலையில் குடும்பத்தோடு குரோஷியா போகிறோம். துப்ரோவ்னிக் கோட்டை மதிலைச் சுற்றிவர எவ்வளவு நேரமாகும்? 70 வயது அம்மாவும் வருகிறார்.
- வாசகி, கோவை

மதிலின் நீளம் 1,940 மீட்டர். விறுவிறுவென்று நடந்தால் ஒரு மணி நேரம். படம் எடுத்து, உட்கார்ந்து எழுந்து வர இரண்டு மணி நேரம் வைத்துக்கொள்ளுங்கள். ஜூலையில் காலை திறக்கும்போதே வாசலில் நின்றுவிடுங்கள். 10 மணிவாக்கில் சொகுசுக் கப்பல் கூட்டம் ஊருக்குள் வந்துவிடும். மேலே நிழல் என்று சொல்லிக்கொள்ள ஏதுமில்லை. சுண்ணாம்புக்கல் வெயிலை அப்படியே முகத்தில் திருப்பி அடிக்கும். காலையில் முடியாவிட்டால் மாலை வெயில் தாழ்ந்த பிறகு போகலாம், நடுப்பகல் மட்டும் வேண்டவே வேண்டாம்.

ஏற மூன்று இடங்கள்: மேற்கே பீலே வாசல், கிழக்கே பிளோச்சே வாசலருகே, துறைமுகத்தில் புனித யோவான் கோட்டை. நடப்பது ஒரே திசையில்தான், கடிகாரத்துக்கு எதிராக. அதனால் எங்கே ஏறுகிறீர்கள் என்பது முக்கியம். பிளோச்சேயில் ஏறினால் உச்சியிலுள்ள மின்செட்டா கோபுரத்துக்குப் போகும் ஏற்றம் முதலிலேயே முடிந்துவிடும். கால் தெம்பாக இருப்பவர்களுக்கு அதுதான் சரி. அம்மாவை பீலேயில் ஏற்றுங்கள். தொடக்கப் படிகள் செங்குத்துதான், மெதுவாக ஏறட்டும். கடலோரமாக நடந்து புனித யோவான் கோட்டையில் இறங்கிவிட்டால் மின்செட்டா ஏற்றத்திலிருந்து தப்பிவிடலாம். ஆனால் இறங்கியபின் அதே டிக்கெட்டில் மறுபடி ஏற முடியாது.

மதில் டிக்கெட் சுமார் 40 யூரோ. அருங்காட்சியகங்களும் நகரப் பேருந்தும் சேர்ந்த ஒருநாள் துப்ரோவ்னிக் பாஸும் ஏறக்குறைய அதே விலைதான். தனி டிக்கெட் எடுப்பது வீண். பீலேக்கு உள்ளே நுழைந்ததும் 15ஆம் நூற்றாண்டின் ஒனோஃப்ரியோ நீரூற்று இருக்கிறது. கல் முகங்களின் வாயிலிருந்து வருவது குடிநீர்தான். பாட்டிலை அங்கேயே நிரப்புங்கள். மேலிருந்து கூரைகளைக் கவனியுங்கள்: பளிச்சென்ற ஆரஞ்சு ஓடுகள் பெரும்பாலும் 1991-92இல் யூகோஸ்லாவியப் படை முற்றுகையிட்டுக் குண்டு வீசிய பிறகு மாற்றியவை, வெளிறியவை பழையவை.

ஒருமுறை நுழைவு ஷெங்கன் விசாவில் மோஸ்தார் போய்த் திரும்பலாமா?
- வாசகர், திருச்சி

கூடாது. குரோஷியா 2023 ஜனவரி 1 முதல் ஷெங்கனில், அதாவது ஒரே விசாவில் சுற்றிவரக்கூடிய ஐரோப்பிய நாடுகளின் கூட்டில், இருக்கிறது. மோஸ்தார் இருக்கும் போஸ்னியாவும், கோட்டோர் இருக்கும் மாண்டினீக்ரோவும் அதில் இல்லை. எல்லை தாண்டினால் உங்கள் விசா முடிந்த கணக்கு. திரும்பும்போது எல்லையில் நிறுத்திவிடுவார்கள். ஸ்டிக்கரில் நுழைவு எண்ணிக்கை 01 என்றிருந்தால் இந்த ஆசையே வேண்டாம்.

குரோஷியாவின் ஸ்பிளிட் நகரிலிருந்து துப்ரோவ்னிக்குக்குப் பேருந்தில் வருவதிலும் இதே கண்ணி உண்டு. பழைய கடற்கரைச் சாலை நேயும் என்ற ஊரில் போஸ்னியாவுக்குள் புகுந்து வெளியே வரும். போஸ்னியாவைத் தொடாமல், 2022இல் திறந்த பெல்யேஷாட்ஸ் பாலம் வழியாகப் போகும் பேருந்தா என்று கேட்டபிறகே டிக்கெட் எடுங்கள்.

சுத்த சைவம். அங்கே என்ன கிடைக்கும்?
- வாசகி, மதுரை

‘பிளித்வா’ கேளுங்கள். கீரை, உருளைக்கிழங்கு, பூண்டு, ஆலிவ் எண்ணெய், அவ்வளவுதான். மீனுக்குத் தொடுகறியாகத்தான் வைப்பார்கள், தனித்தட்டாகக் கேட்டால் தருவார்கள். ரிசோட்டோ என்பது குழைய வேகவைத்த அரிசிச் சோறு. கறுப்பு ரிசோட்டோவின் நிறம் கணவாய் மை. காளான் ரிசோட்டோவையும் நம்பாதீர்கள், இறைச்சிச் சாறு ஊற்றி வேகவைப்பதுண்டு. ‘பெஸ் மேசா, பெஸ் ரிபே’ என்றால் இறைச்சி வேண்டாம், மீன் வேண்டாம் என்று பொருள்.

கோட்டைக்குள் தங்கலாமா?
- வாசகர், சேலம்

தங்கலாம். ஆனால் உள்ளே வண்டி வராது. வடக்குச் சந்துகள் முழுக்கப் படிக்கட்டு. பதிவு செய்யுமுன் வீட்டுக்காரரிடம் எத்தனை படி என்று கேளுங்கள். பெரிய பெட்டியோடு வருபவர்களுக்கு கோட்டைக்கு வெளியே உள்ள லாபாட் பகுதியே நல்லது. அங்கிருந்து 6ஆம் எண் பேருந்து பீலேவரை வரும்.