மகாவிஷ்ணு ஆர்கெஸ்ட்ராவைக் கேட்பது – கடிதமும் பதிலும்

அன்புள்ள சாருக்கு,

வணக்கம். மேற்கத்திய இசை பற்றி நீங்கள் அவ்வப்போது எழுதுவதைப் படித்துவிட்டுத்தான், நாங்கள் நான்கு பேர் மாதம் ஒருமுறை கூடி ஒரு ஆல்பத்தை முதலிலிருந்து கடைசிவரை கேட்பதை வழக்கமாக்கிக்கொண்டோம். போன மாதம், ஜாஸையும் ராக்கையும் கலந்து வாசித்த மகாவிஷ்ணு ஆர்கெஸ்ட்ரா குழுவின் 'தி இன்னர் மௌண்டிங் ஃப்ளேம்'. ஆல்பம் முக்கால் மணி நேரம்தான். அதைப் பற்றிய வாக்குவாதம் நள்ளிரவு தாண்டியும் ஓடியது.

நண்பர் ஒருவர் மிருதங்கம் படித்தவர். "இது முழுக்க நம்ம லயம்தான். கரெண்ட் கொடுத்து வாசிச்சிருக்காங்க, அவ்வளவுதான்" என்றார். இன்னொருவர் கல்லூரி நாட்களில் மெட்டல் இசைக்குழுவில் கிட்டார் வாசித்தவர். அவருக்குக் குழுவின் தலைவரும் கிட்டார்க்காரருமான ஜான் மெக்லாஃப்லினின் வேகத்தைத் தவிர வேறெதுவும் பெரிதாகத் தெரியவில்லை. இன்றைக்கு வேகமாக வாசிக்கிற கிட்டார்க்காரர்கள் அத்தனை பேருக்கும் இவர்தான் தாத்தா என்றார். என் மனைவி பியானோ கற்றவர். "கெட்டிக்காரத்தனம் தெரியுது. பாட்டு எங்கே? முணுமுணுக்க ஒரு வரிகூட மனசுல நிக்கலையே" என்றார். எனக்கு அந்தப் பெயரும், அதற்குப் பின்னால் இருக்கும் குருவும்தான் உறுத்தல். அக்காலத்து அமெரிக்காவில் இருந்த இந்தியச் சாமியார் மோகத்தில் இசைக்குச் சாம்பிராணி போட்டிருக்கிறார்கள் என்று தோன்றியது.

எங்களில் யார் சொன்னது சரி? இன்னொரு முறை கேட்பதென்றால் எப்படிக் கேட்க வேண்டும்? மொட்டைமாடியில் ஒரு ப்ளூடூத் ஸ்பீக்கரில் கேட்டோம் என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

ச., கோவை

*

அன்புள்ள ச.,

உங்கள் மனைவி கேட்டதிலிருந்து தொடங்குகிறேன். இந்த ஆல்பத்திடம் முதலில் கேட்க வேண்டிய கேள்வி அதுதான். பதில் கிடைத்துவிட்டால் மற்ற மூன்று பேரின் கருத்துகளும் தானாகத் தெளிந்துவிடும்.

பாட்டு இருக்கிறது, ஆனால் நாம் தேடுகிற இடத்தில் இல்லை. நம் காது பழக்கத்தில் மேலே போகும். கிட்டார் என்ன சொல்கிறது, வயலின் என்ன சொல்கிறது என்று பார்க்கும். டிரம்ஸும் பேஸும் (கீழ் ஸ்தாயி கிட்டார்) பக்கவாத்தியம் என்று ஒதுக்கிவிடும். இந்த ஆல்பத்தில் பெரும்பாலான உருப்படிகள் ஒரு சின்னச் சுழற்சியின்மேல் எழுந்தவை. அந்தச் சுழற்சிதான் பாட்டு. அது மனசில் பதிந்துவிட்டால், மேலே கிட்டார் எவ்வளவு தூரம் போனாலும் நமக்கு வழி தவறாது. பதியாவிட்டால் உங்கள் மனைவி சொன்னதுபோல வெறும் கெட்டிக்காரத்தனமாகத்தான் கேட்கும்.

ஆறாவது உருப்படி 'தி டான்ஸ் ஆஃப் மாயா'வை எடுத்துக்கொள்ளுங்கள். தொடக்கத்தில் கிட்டார் தந்திகளை ஒன்றன்பின் ஒன்றாகப் பிரித்து மீட்டி, 10 எண்ணிக்கைச் சுழற்சி ஒன்றைப் போடுகிறது. ஸ்வரங்கள் ஒன்றோடொன்று இழைய மறுக்கிற, கொஞ்சம் கலவரப்படுத்துகிற சேர்க்கை. அதன்மேல் மற்ற வாத்தியங்கள் ஏற ஏறக் கனம் கூடுகிறது. பிறகு அது நின்று, கிட்டார் ஒரு ப்ளூஸ் (அமெரிக்கக் கறுப்பின மக்களின் பாட்டு மரபு) நடையை ஆரம்பிக்கிறது. முதல் கேட்பில் சாதாரண ப்ளூஸ் போலவே இருக்கும். காலைத் தட்டிக்கொண்டு கேட்டுப் பாருங்கள், சிறிது நேரத்தில் தட்டு தப்பிவிடும். நான் எண்ணுவது இப்படி: தகிட, தகிட என்று, ஒவ்வொன்றும் மூன்று எண்ணிக்கையாக, 6 தகிட போகிறது. ஏழாவது தகிட வர வேண்டிய இடத்தில் இரண்டு எண்ணிக்கையுள்ள ஒரு தக மட்டும் வந்து, வரி மறுபடி தலைக்குத் திரும்பிவிடுகிறது. 18-ம் 2-ம், ஆக 20. அந்த ஒரு எண்ணிக்கை குறைவதில்தான் அந்த நடையின் அழகே இருக்கிறது. எந்த நேரமும் இடறி விழப்போவது போல இருக்கும், விழாது. முடிவை நெருங்கும்போது, தொடக்கத்தில் கேட்ட அந்தக் கரடுமுரடான 10 எண்ணிக்கைச் சுழற்சி ப்ளூஸின் தலைமேலேயே வந்து உட்காருகிறது. இரண்டு பத்து ஒரு இருபது என்பது அதுவரை நமக்குத் தோன்றியே இருக்காது. இரண்டு வேறு பாட்டு என்று நினைத்துக் கேட்டவை ஒன்றாகப் பொருந்தி நிற்கிற அந்த இடத்துக்காகவே நான் இந்த ஆல்பத்தைத் திரும்பத் திரும்பப் போடுகிறேன்.

அடுத்து வரும் 'யூ நோ யூ நோ'வில் யாருமே வேகமாக ஓடுவதில்லை. ஒரே சின்ன வரி, மெதுவாக, மாறாமல் திரும்பத் திரும்ப வருகிறது. வரிகளுக்கு நடுவே நிறைய இடம் விட்டிருக்கிறார்கள். அந்த இடத்தில் பில்லி காப்ஹமின் டிரம்ஸ் சட்டென்று வெடித்து அடங்குகிறது. கிட்டார் தாளம் போட, டிரம்ஸ் தனி வாசிக்கிறது என்றே சொல்லலாம். 1991-ல் இங்கிலாந்தின் பிரிஸ்டல் நகரத்து மாஸிவ் அட்டாக் குழு இந்த வரியை வெட்டியெடுத்துத் தங்கள் 'ஒன் லவ்' பாடலுக்கு அடித்தளமாகப் போட்டது. ராக்கோ ஜாஸோ கேட்டே இராத ஒரு தலைமுறை அந்த வரியை அப்படித்தான் அறிந்துகொண்டது. மனசில் நிற்காத வரி என்றால் இது நடந்திருக்காது. உங்கள் மனைவியிடம் இந்த ஒன்றை மட்டும் தனியாகக் கேட்கச் சொல்லுங்கள்.

ஸ்பீக்கர் விஷயத்தையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். ஜெர்ரி குட்மனின் வயலினும் மெக்லாஃப்லினின் கிட்டாரும் பல இடங்களில் ஒரே வரியைச் சேர்ந்து வாசிக்கின்றன. இரண்டுக்கும் மின் ஒலி. மொட்டைமாடியில் ஒற்றை ஸ்பீக்கரில் இரண்டும் குழைந்து ஒரே வாத்தியமாகிவிடும். அதனால்தான் உங்கள் மெட்டல் நண்பருக்கு எல்லாமே கிட்டாராகக் கேட்டிருக்கிறது. நல்ல ஹெட்போனில் கேளுங்கள். கேட்கும்போது கிட்டாரை விட்டுவிட்டு ரிக் லேர்டின் பேஸைப் பிடித்துக்கொள்ளுங்கள். டப்ளினில் பிறந்து, லண்டன் ரானி ஸ்காட்ஸ் ஜாஸ் கிளப்பில் வருகிற பெரிய வித்வான்களுக்கெல்லாம் பேஸ் வாசித்துப் பழகியவர் அவர். இந்த ஆல்பத்தில் அவர் எதையும் காட்டிக்கொள்வதில்லை. சுற்றி நால்வரும் கொந்தளிக்கும்போது சுழற்சியைக் கைவிடாமல் சொல்லிக்கொண்டே இருக்கிறார். அவருடைய வரி பிடிபட்டால் ஆல்பம் பிடிபட்டது. 2021-ல் அவர் மறைந்தபோது அதிகம் பேசப்படவில்லை என்ற வருத்தம் எனக்கு இன்னும் உண்டு.

மிருதங்க நண்பருடைய பெருமிதம் புரிகிறது, ஆனால் அவரோடு நான் உடன்பட முடியாது. 1971-ல் நியூயார்க் ஸ்டுடியோவில் இதைப் பதிவு செய்த ஐந்து பேரில் கர்நாடக சங்கீதக்காரர் யாருமில்லை. காப்ஹம் பனாமாவில் பிறந்து நியூயார்க்கில் வளர்ந்தவர். யான் ஹாமர் பிராகிலிருந்து வந்து ஜாஸ் பாடகி சாரா வானுக்குப் பியானோ வாசித்தவர். குட்மன் சிகாகோவின் தி ஃப்ளாக் என்ற ராக் குழுவிலிருந்து வந்தார். மெக்லாஃப்லின் யார்க்‌ஷயர்க்காரர். ஜாஸ் டிரம்ஸ்காரர் டோனி வில்லியம்ஸ் அழைத்து 1969 தொடக்கத்தில் நியூயார்க் போனவர், சில வாரங்களுக்குள் ஜாஸ் டிரம்பெட் மேதை மைல்ஸ் டேவிஸின் 'இன் எ சைலன்ட் வே' பதிவில் இருந்தார். அடுத்து 'பிட்சஸ் ப்ரூ'. அதில் ஒரு உருப்படிக்கு மைல்ஸ் இவர் பெயரையே வைத்தார். ஜாஸ் சாக்ஸபோன் மேதை கோல்ட்ரேன், ராக் கிட்டார் மேதை ஹென்ட்ரிக்ஸ், ப்ளூஸ், ஐரோப்பிய சாஸ்திரிய இசை எல்லாம் சேர்ந்துதான் இந்த ஆல்பத்தின் ரத்தம். 5, 7, 9 என்ற எண்ணிக்கைகள் தென்கிழக்கு ஐரோப்பாவின் பால்கன் நாட்டுப்புற இசையில் காலகாலமாக உண்டு. ஜாஸிலேயே பியானோக்காரர் டேவ் புரூபெக் 1959-ல் 5-ஐயும் 9-ஐயும் கொண்டுவந்துவிட்டார்.

மெக்லாஃப்லினுக்கு இந்திய இசையில் ஆழமான ஈடுபாடு இருந்தது உண்மைதான். அதே 1971-ல் வந்த 'மை கோல்ஸ் பியாண்ட்' ஆல்பத்தில் பாதல் ராயின் தபலாவும் தம்புராவும் உண்டு. ஆனாலும் உங்கள் நண்பர் கையில் தாளம் போட்டுக்கொண்டு கேட்டால் வித்தியாசம் அவருக்கே தெரியும். நம் சங்கீதத்தில் தாளம் தனியாக, கையில் இருக்கும். பாட்டும் மிருதங்கமும் அதன்மேல் விலகிப் போய், கோர்வை வைத்துத் திரும்பிச் சேரும். 'டான்ஸ் ஆஃப் மாயா'வில் கையில் போட வேறு தாளமே இல்லை. கிட்டார் வாசிக்கிற அந்த வரிதான் தாளம். எண்ணிக்கை ஒத்துப்போனாலும் கட்டுமானம் வேறு.

மெக்லாஃப்லின் நம்மிடம் வந்தது உண்மை, அது வேறு இடத்தில் நடந்தது. அமெரிக்காவின் வெஸ்லியன் பல்கலைக்கழகத்தில் டாக்டர் எஸ். ராமநாதனிடம் வீணை பயின்றார். நம் பெரிய வித்வான்களில் ஒருவர் அங்கே உட்கார்ந்து ஒரு ராக் கிட்டார்க்காரருக்கு வீணை சொல்லிக்கொடுத்ததை நினைக்கும்போதெல்லாம் எனக்கு மனசு நிறையும். அதன் தொடர்ச்சியாகத்தான் எல். சங்கரின் வயலினும், ராமநாதபுரம் ராகவனின் மிருதங்கமும், விக்கு விநாயக்ராமின் கடமும், ஜாகீர் உசேனின் தபலாவும் சேர்ந்த 'சக்தி' குழு பிறந்தது. பெருமைப்பட அங்கே ஏராளமாக இருக்கிறது. 'இன்னர் மௌண்டிங் ஃப்ளேம்' அந்த ஐவருடையது, அதை அவர்களிடமே விட்டுவிடுவோம்.

மெட்டல் நண்பருக்கு இரண்டே வார்த்தை. மூன்றாவது உருப்படி 'தி நூன்வர்ட் ரேஸ்' அவர் சொல்கிறபடிதான் இருக்கிறது. ஆல்பத்தில் எனக்கு மிகக் குறைவாகப் பிடித்ததும் அதுதான். அங்கேயும் ஹாமரின் மின்பியானோவை மட்டும் தவறவிடாதீர்கள், ரிங் மாடுலேட்டர் போட்டு அதன் குரலையே திரித்திருக்கிறார். அடுத்தது 'எ லோட்டஸ் ஆன் ஐரிஷ் ஸ்ட்ரீம்ஸ்'. டிரம்ஸ் கிடையாது, பேஸ் கிடையாது, மின்சாரம் சேராத கிட்டாரும் பியானோவும் வயலினும் மட்டும். வேகத்துக்காக மட்டும் செய்த ஆல்பத்தில் இதற்கு இடமிருந்திருக்காது.

இனி உங்கள் சாம்பிராணி. மகாவிஷ்ணு என்பது அவருடைய குரு ஸ்ரீ சின்மாய் மெக்லாஃப்லினுக்கு வைத்த பெயர். சின்மாய் 1931-ல் சிட்டகாங் பக்கம் பிறந்தவர், 1944 முதல் இருபது வருடம் புதுச்சேரி அரவிந்தர் ஆசிரமத்தில் இருந்தவர், 1964-ல் நியூயார்க் போனவர். அவரை நம்ப வேண்டிய கடமை கேட்கிறவருக்குக் கிடையாது, எனக்கும் அவரிடம் ஈர்ப்பில்லை. ஆனால் மெக்லாஃப்லினின் நம்பிக்கை வேஷமில்லை. முடியை வெட்டி, வெள்ளை உடுத்தி, வாழ்க்கையை ஒரு ஒழுங்குக்குள் கொண்டுவந்து, அந்த வேகத்தோடுதான் எழுதினார். மற்ற நால்வரும் சீடர்கள் இல்லை என்பதையும் சேர்த்துப் பாருங்கள். காப்ஹம் எந்தக் குருவையும் நினைத்து அந்த டிரம்ஸை வாசிக்கவில்லை, ஆனாலும் அதே தீவிரம் அவர் கையில் இருக்கிறது. நம்பிக்கை ஒருவருடையதாக இருந்தாலும் உழைப்பு ஐவருடையது.

குழு உடைந்ததும் இதை ஒட்டித்தான். இந்த ஆல்பத்திலும் 1973-ல் வந்த 'பேர்ட்ஸ் ஆஃப் ஃபயர்' ஆல்பத்திலும் எல்லா உருப்படிகளும் மெக்லாஃப்லின் பெயரில்தான். மற்றவர்களுக்கும் தாங்கள் எழுதியதை வாசிக்க ஆசை இருந்தது. அவற்றையும் சேர்த்து 1973-ல் லண்டன் ட்ரைடன்ட் ஸ்டுடியோவில் பதிவு செய்தார்கள். அது வெளிவர 1999 ஆகிவிட்டது. அந்த 1973 முடிவதற்குள் ஐவரும் பிரிந்துவிட்டார்கள்.

இன்னொரு முறை கேட்பதாக இருந்தால் வரிசையாகக் கேட்க வேண்டாம். 'யூ நோ யூ நோ'வில் தொடங்கி, 'டான்ஸ் ஆஃப் மாயா'வுக்கு வந்து, பிறகு 'வைட்டல் டிரான்ஸ்ஃபார்மேஷன்' போடுங்கள். அது காப்ஹமின் தனி டிரம்ஸோடு 9 எண்ணிக்கையில் தொடங்கும், முதல் சில நொடிகளிலேயே எண்ணிவிடலாம். முதல் உருப்படிக்குக் கடைசியில் வாருங்கள்.

அதற்கடுத்த மாதம் சக்தியின் முதல் ஆல்பம். 1975 ஜூலையில் நியூயார்க் மாநிலத்து லாங் ஐலண்டில் ஒரு கல்லூரி மேடையில் நேரடியாகப் பதிவானது. முதல் உருப்படி 'ஜாய்' 18 நிமிடம். மிருதங்க நண்பர் அதற்குக் கையில் தாளம் போடட்டும், மற்ற மூவரும் அவர் கையைப் பார்த்துக்கொண்டே கேளுங்கள். நான்கு பேரும் என்ன சொன்னீர்கள் என்று அவசியம் எழுதுங்கள், குறிப்பாக உங்கள் மனைவி.

அன்புடன்.