முயல் பெட்டிக்குள் ஐஸ் போட்டால் போதுமா?

கேள்வி: மகளுக்கு வாங்கிய இரண்டு முயல்கள் வீட்டில் இருக்கின்றன. ஓகஸ்ட் விடுமுறைக்குச் சாவகச்சேரியில் அம்மம்மா வீட்டுக்குப் போகும்போது அவற்றையும் கொண்டுபோக வேண்டும். பெட்டிக்குள் ஐஸ் போட்டு, ஈரத் துவாயால் மூடி, நித்திரை மருந்து கொடுத்து, இரவு பஸ்ஸில் ஏற்றிவிடலாம் என்று முயல் வாங்கிய கடையில் சொல்கிறார்கள். சரியா? (வாசகி, வெள்ளவத்தை)

பதில்: சரியில்லை. கடைக்காரர் சொன்ன நாலில் ஐஸை மட்டும் கொஞ்சம் திருத்தி எடுத்துக்கொள்ளலாம். மற்ற மூன்றையும் விட்டுவிடுங்கள், முக்கியமாக அந்த மருந்தை.

முயலுக்கு நம்மைப்போல வியர்க்காது. நாயைப்போல வாயைத் திறந்து இளைத்துச் சூட்டை இறக்கவும் அதற்குச் சரியாக வராது. அதற்கு இருக்கிற பெரிய வழி காதுதான். மத்தியான வெயிலில் உங்கள் முயலின் காதை வெளிச்சத்துக்கு நேரே பாருங்கள், மெல்லிய தோலுக்குள் இரத்தக் குழாய்கள் விரிந்து சிவப்பாகத் தெரியும். உடம்புச் சூடு இரத்தத்தோடு அங்கே வந்து, காற்றுப் பட்டு ஆறித் திரும்பும். காற்றே ஓடாத பெட்டிக்குள் அடைத்தால் அந்தக் காதால் ஒரு பிரயோசனமும் இல்லை. 20 பாகை செல்சியஸ் அளவில் முயல் சுகமாக இருக்கும், 28ஐத் தாண்டினால் கஷ்டப்படத் தொடங்கும். கொழும்பில் நிழலிலேயே 30 என்பது சாதாரணம். வீட்டில் அது தரை டைல்ஸில் வயிற்றை ஒட்டிக்கொண்டு எப்படியோ சமாளிக்கிறது, பெட்டிக்குள் அதற்கும் வழியில்லை.

அதனால் முதலில் காற்று, பிறகுதான் குளிர். நாலு பக்கமும் துவாரம் உள்ள கெட்டியான பிளாஸ்டிக் பூனைப் பெட்டி, அல்லது கம்பிக் கூடு வாங்குங்கள். காட்போட் பெட்டி சிறுநீரில் நனைந்து அடி கழன்றுவிடும். மீன் கொண்டுபோகிற ரெஜிபோம் பெட்டியில் நாலு ஓட்டை போட்டு முயலை அனுப்புகிறவர்களும் இருக்கிறார்கள், தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள். குளிரை உள்ளே பிடித்து வைக்கிற பெட்டி முயலின் உடம்புச் சூட்டையும் அப்படியே பிடித்து வைக்கும்.

ஈரத் துவாய் யோசனை காய்ந்த ஊர்களில் ஓரளவு வேலை செய்யும். ஈரம் ஆவியாகும்போதுதான் குளிரும், ஆனால் கொழும்புக் காற்றில் ஏற்கெனவே அவ்வளவு ஈரம் இருக்கிறது, துவாய் காயவே காயாது. மூடி வைத்தால் துவாரங்களும் அடைபட்டு, உள்ளே புழுங்கி அவியும்.

ஐஸ் விஷயத்துக்கு வருவோம். ஐஸ் கட்டியை நேராகப் போட்டால் உருகி முயலின் வயிறும் காலும் நனைந்து கிடக்கும். அரை லீற்றர் தண்ணீர்ப் போத்தலை முக்கால் பங்கு நிரப்பி உறைய வைத்து, மெல்லிய துணியில் சுற்றி, பெட்டியின் ஒரு பக்கத்தில் உருளாமல் வையுங்கள். ஒரு பக்கத்தில் மட்டும்தான், மற்றப் பக்கம் வெறுமையாக இருக்க வேண்டும். குளிர் வேண்டுமென்றால் முயல் தானே போய்ச் சாய்ந்துகொள்ளும், போதுமென்றால் விலகும். மாற்றுப் போத்தல்களை அந்த ரெஜிபோம் பெட்டியில் கொண்டுபோங்கள், அதற்கு அது நல்ல சாமான்.

இரண்டையும் ஒரே பெட்டியில் வைக்கலாமா என்பதை நீங்கள் கேட்கவில்லை, ஆனால் கேட்டிருக்க வேண்டும். ஒன்றாகப் படுத்து, ஒன்றை ஒன்று நக்கிக்கொண்டு வளர்ந்த சோடி என்றால் பிரிக்க வேண்டாம், பிரித்தால் பயத்திலேயே இன்னும் சூடேறும். இரண்டும் ஒன்றில் ஒன்று படாமல் நீட்டிப் படுக்கிற அளவுக்குப் பெரிய பெட்டியாக எடுங்கள். ஆனால் இரண்டும் நலமெடுக்காத, அதாவது விதை நீக்காத, ஆண் என்றால் கதை வேறு. வீட்டில் சமாதானமாகத்தான் இருக்கின்றன என்பீர்கள், பெட்டிக்குள் ஓட இடமில்லாமல் பயந்துபோன ஆண் முயல் மற்றதன் அடிவயிற்றைக் கடித்துக் கிழித்துவிடும். கடையில் இரண்டும் பெண் என்று சொல்லித் தந்திருந்தால் அதை நம்பிவிடாதீர்கள், குட்டியில் பார்த்துச் சொன்னது அடிக்கடி பிழையாகிவிடும். போவதற்கு முன் மிருக வைத்தியரிடம் காட்டி ஆணா பெண்ணா என்று உறுதிப்படுத்துங்கள். ஆணும் பெண்ணும் என்றால் விடுமுறை முடிந்து எத்தனையோடு திரும்புவீர்கள் என்பதையும் அங்கேயே கதைத்துவிடுங்கள்.

மருந்து. லேபிள் இல்லாத சின்னப் போத்தலில் 'பயண மருந்து' என்று விற்கிறார்கள். உள்ளே மனிதருக்கான ஒவ்வாமை மருந்தும் இருக்கலாம், வேறு ஏதோ மயக்க மருந்தும் இருக்கலாம், அளவு கடைக்காரரின் வாய்க்கு வந்தது. மயங்கிய முயலுக்கு உடம்புச் சூட்டைச் சமாளிக்கத் தெரியாது, போத்தல் பக்கம் போகவும் தெரியாது, மூச்சும் குறையும். அது அமைதியாகப் போகிறது என்று நீங்கள் நினைத்துக்கொண்டிருக்க, அது உள்ளே செத்துக்கொண்டிருக்கும்.

பஸ்ஸில் இன்னொரு பொறி இருக்கிறது. 'அண்ணை, நாங்கள் பார்த்துக்கொள்ளுறம்' என்று காசு வாங்கிப் பொதியோடு பொதியாக டிக்கியில் தள்ளிவிடுகிற இடைத்தரகர்களை நம்ப வேண்டாம். மேலே சீற்றில் ஏசி ஓடும். கீழே காற்றே இல்லை, எஞ்சின் சூடும் புகையும்தான். காலையில் பெட்டியைத் திறக்கும்போது யாரும் பொறுப்பெடுக்க மாட்டார்கள். முயலோடு பயணிக்கலாமா கூடாதா என்று தெளிவாகச் சொல்ல ஆளில்லை, ஒரு கண்டக்டர் ஏற்றுவார், அடுத்தவர் இறக்கிவிடுவார். முறைப்பாடு செய்யப் போனால் கையில் இருப்பது 1907ஆம் ஆண்டு மிருகவதைத் தடுப்புக் கட்டளைச் சட்டம், அதில் தண்டம் நூறு ரூபா! 2006இல் சட்ட ஆணைக்குழு வரைந்து கொடுத்த விலங்கு நலச் சட்டமூலம் எத்தனையோ அரசாங்கங்களின் மேசையைப் பார்த்துவிட்டது. சட்டத்தை நம்பி முயலை டிக்கியில் போட முடியாது.

ஆகவே வான் பிடியுங்கள், சொந்தக்காரரோடு சேர்ந்தாவது. 400 கிலோமீற்றருக்குக் கொஞ்சம் குறைவான ஓட்டம், இரவு ஒன்பது பத்துக்கு வெளிக்கிட்டால் வெயில் ஏறமுன் போய்விடலாம். பெட்டி உங்கள் காலடியில் இருக்கட்டும், ஏசிக் காற்று நேரே முகத்தில் அடிக்காமல். தேத்தண்ணிக்கு நிறுத்தும்போது பெட்டியும் உங்களோடு இறங்க வேண்டும். விடிந்த பிறகு இது இன்னும் முக்கியம், பூட்டிய வாகனத்துக்குள் பத்தே நிமிடத்தில் வெயிலில் பத்துப் பாகை ஏறிவிடும்.

முயல் வாந்தி எடுக்காது, அதனால் பட்டினி போட வேண்டாம், போடவும் கூடாது. காய்ந்த புல் எப்போதும் இருக்கட்டும், கழுவிய கங்குன் தண்டு கொஞ்சம். பச்சைப் புல்லைக் குவித்து வைத்தால் அதுவே சூடேறும்.

அடிக்கடி கையை விட்டுப் பாருங்கள். மூக்குத் துவாரம் பெரிதாக விரிந்து வேகமாக மூச்சு வாங்கினால், தலையைப் பின்னால் சாய்த்தால், நாடியில் எச்சில் நனைந்திருந்தால் சூடு தலைக்கேறிவிட்டது. வானை நிறுத்தி, காற்று வருகிற நிழலில் வைத்து, சாதாரண தண்ணீரில் நனைத்த துணியால் காதைத் துடையுங்கள். ஐஸ் தண்ணீர் கூடாது, காதின் இரத்தக் குழாய்கள் சுருங்கி இருக்கிற ஒரே வழியும் அடைபடும். வாயில் தண்ணீர் ஊற்ற வேண்டாம். தெளிந்தாலும் மிருக வைத்தியரிடம் கொண்டுபோங்கள், உள்ளுறுப்புப் பாதிப்பு பிறகுதான் தெரியவரும்.

சாவகச்சேரி போனதும் அம்மம்மாவின் கோழிக்கூட்டுப் பக்கம் விடாமல், சீமெந்துத் தரை உள்ள இருட்டான அறை ஒன்றில் விடுங்கள். அன்று பின்னேரத்துக்குள் புல் தின்று புழுக்கை போட்டால் பயணம் சுகமாக முடிந்தது. பன்னிரண்டு மணித்தியாலம் தின்னாமல் இருந்தால் நாளைக்குப் பார்ப்போம் என்று விடாதீர்கள், குடல் நின்றுவிடும். அங்கே உள்ள மிருக வைத்தியரின் இலக்கத்தை இங்கிருந்து வெளிக்கிட முன்னரே விசாரித்து எழுதி வையுங்கள்.