பவர் பிஐ-யில் மாதத்தைத் தேர்ந்தெடுத்தால் ஆர்டர் எண்ணிக்கை சரியாக வருகிறது, அனுப்பிய எண்ணிக்கை மட்டும் தப்பாக வருகிறது. ஏன்?

உங்கள் ஸ்லைசர், அதாவது ரிப்போர்ட்டில் மாதத்தைத் தேர்ந்தெடுக்கும் பெட்டி, எந்தத் தேதியின் மாதத்தைப் பிடித்திருக்கிறது என்று முதலில் பாருங்கள். நான் இதில் மாட்டிக்கொண்டது கல்லிடைக்குறிச்சியில், ஓர் அப்பளக் கம்பெனிக்கு ரிப்போர்ட் செய்து கொடுத்தபோது.

ஐப்பசி, கார்த்திகை எங்கள் பக்கம் அடைமழைக் காலம். போட்ட அப்பளம் காயாது. அக்டோபர் 28-ல் வந்த ஆர்டர் நவம்பர் 9-ல்தான் லாரி ஏறும். நான் அக்டோபரைத் தேர்ந்தெடுத்துக் காட்டியதும் முதலாளி, "இவ்வளவு சரக்கு நாம அனுப்பலையேப்பா, பாதி நாள் மழைல்லா பெஞ்சுது" என்றார். அண்ணாச்சி கேட்டது அந்த மாதம் போன சரக்கை. நான் காட்டியது அந்த மாதம் வந்து, எப்போதோ போய்ச் சேர்ந்த ஆர்டர்களை.

காரணம் இதுதான். நாளுக்கு ஒரு வரி உள்ள காலண்டர் அட்டவணைக்கும் ஆர்டர் அட்டவணைக்கும் நடுவே எத்தனை தொடர்பு போட்டாலும் ஒன்றுதான் உயிரோடு இருக்கும். மற்றவை புள்ளிக்கோடாகத் தூங்கும். எனக்கு ஆர்டர் தேதி விழித்திருந்தது, அனுப்பிய தேதி தூங்கியது. அதை எழுப்ப, மெஷரில் (எண்ணைக் கணக்கிடும் சூத்திரத்தில்) கால்குலேட்டுக்குள் யூஸ்ரிலேஷன்ஷிப் போட்டு, காலண்டரின் தேதியையும் அனுப்பிய தேதியையும் கொடுக்க வேண்டும். அந்த ஒரு மெஷருக்கு மட்டும் கோடு மாறும். மற்ற எண்கள் அசையாது. ஒரே ஆர்டருக்கு உளுந்து அப்பளம், பிரண்டை அப்பளம் என்று பல வரிகள் இருந்தால் வரிகளை எண்ணும் கவுண்ட்ரோஸ் வேண்டாம், ஒன்றை ஒரு முறை மட்டும் எண்ணும்படி ஆர்டர் எண்ணை டிஸ்டிங்க்ட்கவுண்ட் செய்யுங்கள்.

ஆனால் அண்ணாச்சிக்கு உண்மையிலேயே தேவைப்பட்டது மூன்றாவது எண்: மாதக் கடைசியில் எத்தனை ஆர்டர் நிலுவை? இதற்கு எந்தத் தொடர்பும் உதவாது. தேர்ந்தெடுத்த மாதத்தின் கடைசித் தேதியை மேக்ஸ் வைத்து முதலில் ஒரு வேரியபிளில் எடுத்துக்கொள்ளுங்கள். அப்புறம் ரிமூவ்ஃபில்டர்ஸ் போட்டுக் காலண்டரின் பிடியை விலக்கிவிட்டு, ஆர்டர் தேதி அந்த நாளுக்குள்ளும், அனுப்பிய தேதி அதற்குப் பிறகோ காலியாகவோ உள்ளவற்றை எண்ணுங்கள். 'காலியாகவோ' என்பதை விட்டுவிடாதீர்கள். காலித் தேதியை, பவர் பிஐ-யின் சூத்திர மொழியான டாக்ஸ் பூஜ்யமாக நினைத்து ஒப்பிடும். இன்னும் அனுப்பாத ஆர்டர் எல்லாம் கணக்கில் இல்லாமல் போய்விடும்.

மாதப் பெயரோடு ஆண்டையும் சேர்த்து வைத்துக்கொள்ளுங்கள், இல்லாவிட்டால் எல்லா ஆண்டின் அக்டோபரும் ஒன்றாகக் கூடிவிடும்.

இவ்வளவும் செய்த பிறகும் எண் குறைந்தால், அனுப்பிய தேதியோடு நேரமும் ஒட்டியிருக்கிறதா பாருங்கள். திரையில் தேதி மட்டும் தெரியும். உள்ளே காலை 10:42 என்று இருந்தால் காலண்டரின் நள்ளிரவு 12 மணியோடு பொருந்தாது, அந்த வரி எந்த மாதத்திலும் விழாது. தரவைச் சீர்செய்யும் இடமான பவர் குவெரியில் அந்த நெடுவரிசையை வெறும் தேதியாக மாற்றினால் சரியாகிவிடும்.