கேள்வி பதில்: ரியல் மாட்ரிட்டின் கமாச்சோ

ஸ்பெயினின் முன்னாள் கால்பந்து வீரரும், பிறகு அந்நாட்டு அணியின் பயிற்சியாளருமான ஹோசே அந்தோனியோ கமாச்சோவைப் பற்றி வந்த கேள்விகள் சேர்ந்துவிட்டன. ஒரே மூச்சில் பதில் சொல்லிவிடுகிறேன்.

அண்ணா, 2002 உலகக் கோப்பையில் வியர்வையில் நனைந்த நீலச் சட்டையோடு கத்திக்கொண்டிருந்த பயிற்சியாளராகத்தான் இவரைத் தெரியும். ஆட்டக்காரராக எப்படி?

சட்டையைப் பேசிப் பேசியே ஆட்டத்தை மறந்துவிட்டார்கள். 1955இல் முர்சியாவின் சியேசா ஊரில் பிறந்தவர். அல்பசேத்தே கிளப்பிலிருந்து 1973இல் ரியல் மாட்ரிட் வந்தார். 1989 வரை வேறெங்கும் போகவில்லை. இடது பின்களம். 9 லீக் பட்டம், 5 கோபா டெல் ரே (ஸ்பெயினின் உள்நாட்டுக் கோப்பை), 1985, 1986 இரண்டு வருடமும் ஐரோப்பிய கிளப்புகளின் இரண்டாம் நிலைப் போட்டியான யுஇஎஃப்ஏ கோப்பை. ஸ்பெயினுக்கு 81 ஆட்டம். பந்தை வைத்து வித்தை காட்டுகிறவர் இல்லை. ஆனால் ஓர் ஆளைக் காட்டி 'இவனைப் பார்த்துக்கொள்' என்று சொல்லிவிட்டால் போதும், அந்த ஆளுக்கு அன்றைக்கு நிம்மதி கிடையாது.

முழங்கால் போய்த் திரும்பி வந்தவர் என்கிறார்களே?

1978 தொடக்கத்தில் முழங்கால் தசைநார் அறுந்தது. ஏறக்குறைய 2 வருடம் வெளியே. அந்த வருட உலகக் கோப்பையும் போச்சு. அந்தக் காலத்தில் இதோடு பலரின் கதை முடிந்துவிடும். இவர் திரும்பி வந்து இன்னும் ஏறக்குறைய 10 வருடம் ஆடினார், 1982, 1986 உலகக் கோப்பைகள் உட்பட.

1981 ஐரோப்பியக் கோப்பை (இன்றைய சாம்பியன்ஸ் லீக்) இறுதியில் தவறவிட்ட கோல்?

பாரிஸில், லிவர்பூலோடு. பின்கள ஆள் அன்று நடுக்களத்தில் ஆடினார். இரண்டாம் பாதியின் தொடக்கத்தில் கோல் பக்கம் தனியாகப் புகுந்துவிட்டார். கோல்கீப்பர் கிளெமென்ஸ் முன்னேறி வந்ததைப் பார்த்துப் பந்தை அவர் தலைக்கு மேல் தூக்கினார். பந்து கம்பத்துக்கும் மேலே போய்விட்டது. 82ஆவது நிமிடத்தில் லிவர்பூலின் இடது பின்கள வீரர் ஆலன் கென்னடி அடித்தார், 1-0. மாட்ரிட் அடுத்த ஐரோப்பியக் கோப்பையைத் தூக்க 1998 வரை காத்திருந்தது.

சார், மாட்ரிட் பயிற்சியாளராக ஏன் நிலைக்கவில்லை? இரண்டு முறை வந்தாரே?

இரண்டு முறையும் தானாகவே எழுந்து போனார். 1998 கோடையில் வந்தவர், உடன் வைத்துக்கொள்ளும் உதவியாளர்கள் விஷயத்தில் நிர்வாகத்தோடு முட்டிக்கொண்டு 22 நாளில் கிளம்பிவிட்டார். அப்போது ஓர் அதிகாரபூர்வ ஆட்டம்கூட நடக்கவில்லை. 2004இல் மறுபடி அழைத்தார்கள். ஃபீகோ, ஜிதான், ரொனால்டோ, பெக்காம் என்று நட்சத்திரக் கூட்டம். ஜெர்மனியின் லெவர்குசனில் 3-0, அப்புறம் ஸ்பெயின் கிளப்பான எஸ்பான்யோலிடம் 1-0 தோல்வி. இந்த ஆட்டக்காரர்களிடமிருந்து வேலை வாங்க என்னால் ஆகவில்லை என்று செப்டம்பரிலேயே விலகிவிட்டார்.

கோபக்காரர் என்பது உண்மைதான். ஆனால் நஷ்ட ஈட்டுக்காகத் துரத்தப்படும்வரை நாற்காலியைப் பிடித்துக்கொண்டிருக்கும் பயிற்சியாளர்கள் நடுவே இந்தக் குணம் எனக்குப் பிடிக்கும். கிளப்புக்குத்தான் பாடு.

2002 உலகக் கோப்பையில் ஸ்பெயின் தென் கொரியாவிடம் தோற்றது முழுக்க நடுவர் செய்ததுதானே?

முழுக்க என்று சொல்லமாட்டேன். இரண்டு கோல் மறுக்கப்பட்டது நிஜம். இரண்டாம் பாதியில் ஒன்று, தள்ளினார்கள் என்று. மற்றது கூடுதல் நேரத்தில்: ஹோவாகின் கோட்டோரம் ஓடிப் பந்தை உள்ளே அனுப்ப, மொரியெந்தெஸ் தலையால் முட்டிப் போட்டார். பந்து வெளியே போய்விட்டது என்று லைன்ஸ்மேன் கொடியைத் தூக்கினார். மறுஒளிபரப்பில் பந்து கோட்டைத் தாண்டியதாக எனக்குத் தெரியவில்லை. அப்போது கூடுதல் நேரத்தில் முதல் கோல் அடித்தவரே வென்றவர் என்ற கோல்டன் கோல் விதி இருந்ததால், அது கோல் என்றால் ஆட்டமே அங்கே முடிந்திருக்கும். பெனால்டியில் 5-3, தவறவிட்டதும் அதே ஹோவாகின்தான்.

இருந்தாலும் ராவுல் காயத்தால் ஆடாத அன்று ஸ்பெயினின் தாக்குதலில் கூர்மை இல்லை. முந்தைய சுற்றிலேயே அயர்லாந்திடம் பெனால்டியில்தான் பிழைத்து வந்தார்கள். அதையும் நடுவர் கணக்கில் எழுத முடியாதே!

அப்படியானால் பயிற்சியாளராக எதுவுமே சாதிக்கவில்லையா?

ஏன் இல்லை? 1994இல் எஸ்பான்யோலை முதல் டிவிஷனுக்குத் திரும்பக் கொண்டுவந்தார். சைப்ரஸிடம் 3-2 தோற்று நொந்துபோயிருந்த ஸ்பெயினை 1998இல் கையில் எடுத்து, சில மாதத்தில் ஆஸ்திரியாவை 9-0 அடிக்க வைத்தார். கசியாஸ், புயோல், சாவி மூவரும் தேசிய அணிக்கு முதலில் ஆடியது இவர் காலத்தில்தான். 2008-09 லீக்கின் கடைசி நாளில் ரியல் மாட்ரிட்டையே 2-1 வென்று, ஒசாசுனா கிளப் முதல் டிவிஷனிலிருந்து இறங்காமல் காப்பாற்றினார்.

என் கணக்கில் பெரியது போர்ச்சுகல் கிளப்பான பென்ஃபிகாவில் செய்தது. 2004 ஜனவரியில் அதன் வீரர் மிக்லோஷ் ஃபேஹேர் கிமராயிஷ் மைதானத்தில் ஆட்டத்தின் நடுவே சரிந்து விழுந்து இறந்தார். அந்த அணியைத் தேற்றி நிறுத்தியவர் இவர். மே மாதம் போர்ச்சுகல் கோப்பை இறுதியில் மொரீன்யோவின் போர்ட்டோவைக் கூடுதல் நேரத்தில் 2-1 வென்றார்கள். அதே போர்ட்டோ சில நாளில் சாம்பியன்ஸ் லீக்கைத் தூக்கியது.

சீனா, காபோன்?

சீன அணியின் பயிற்சியாளராகப் பிரேசிலிடம் 8-0, சொந்த மண்ணில் தாய்லாந்திடம் 5-1 தோல்வி, வேலை போனது. பிறகு இவர் பயிற்சியளித்த காபோன் 2017 ஆப்பிரிக்கக் கோப்பையைத் தானே நடத்தி, மூன்று டிராவோடு வெளியேறியது. வேறென்ன சொல்ல?

பழைய ஆட்டம் ஒன்று பார்க்கலாம் என்றால் எது, அண்ணா?

இவர் பயிற்சியில் ஸ்பெயின் ஆடிய யூரோ 2000 (ஐரோப்பிய நாடுகளின் போட்டி), யூகோஸ்லாவியா ஆட்டம். 90 நிமிடம் முடிந்தபோது ஸ்பெயின் 3-2 பின்தங்கி, வீட்டுக்குப் போகும் நிலை. காயநேரத்தில் மெந்தியேதா பெனால்டி, அடுத்து அல்ஃபோன்சோ கோல், 4-3. அதோடு நிறுத்திக்கொள்ளுங்கள். அடுத்தது பிரான்ஸ், கடைசி நேரத்தில் ராவுல் பெனால்டியை மேலே தூக்கி அடித்த ஆட்டம்.